நடுவில் நிற்கும் பதிலாள்!

இன்டர்நெட் ஊர்ந்து போவது ஏன்? கண்டுபிடிக்கும் வழி என்ன?

கம்ப்யூட்டர் புதிது. மாதம் தவறாமல் பணம் கட்டியாகிறது. "மின்னல் வேகம்" என்று கம்பெனிக்காரர் விளம்பரம் செய்கிறார். ஆனாலும் ஒரு பக்கம் திறப்பதற்குள் கையில் உள்ள காப்பி ஆறிப்போகிறது!

குற்றவாளி யார்?

"கம்ப்யூட்டர் சரியில்லை" என்பார் ஒருவர். "கம்பி சரியில்லை" என்பார் இன்னொருவர். "இதைத் தள்ளிவிட்டு வேறு வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். மூன்று பேரும் பார்க்க மறந்த இடம் ஒன்று உண்டு. அது நடுவழி.

உங்கள் வீட்டுக்கும், நீங்கள் பார்க்க விரும்பும் பக்கத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு யந்திரம் நிற்கலாம். அதன் பெயர் "பிராக்சி சர்வர்." பிராக்சி என்றால் பதிலாள். உங்களுக்குப் பதிலாக அது போய்ப் பக்கத்தை வாங்கி வருகிறது. பிறகு உங்களிடம் கொடுக்கிறது.

வேகத்தைக் கூட்டுவதற்காக வைக்கப்பட்ட யந்திரம் இது. அதுவே வேகத்தைக் கெடுத்த கதை உண்டு. ஒரு நாட்டு மக்கள் இதன் வழியாகவே போக நேர்ந்த கதையும் உண்டு.

இந்தப் பதிலாள் எங்கே நிற்கிறார், அவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால், வீண் செலவு மிச்சமாகும். விவரத்தைப் பார்ப்போம்.

தெருமுனைக் கடை

ஒரு கிராமம். டவுன் 10 மைல் தூரத்தில் இருக்கிறது. உப்பு வேண்டுமானாலும், புளி வேண்டுமானாலும் டவுனுக்குத்தான் போகவேண்டும்.

ஒருவர் தெருமுனையில் கடை வைக்கிறார். முதல் ஆள் வந்து உப்புக் கேட்கிறார். கடைக்காரர் டவுனுக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி வருகிறார். அடுத்து வரும் 50 பேருக்கும் அந்த மூட்டையில் இருந்தே அளந்து கொடுக்கிறார். 50 பேருக்கும் நடை மிச்சம். சாலையிலும் கூட்டம் குறைவு.

பதிலாள் யந்திரம் செய்வதும் இதே வேலைதான். முதல் ஆள் ஒரு பக்கத்தைக் கேட்டதும், தூர தேசத்தில் இருந்து அதை வாங்கி வருகிறது. கொடுக்கும்போதே ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால், நகலை உடனே நீட்டுகிறது.

நல்ல யோசனை அல்லவா? இது எங்கே பிறந்தது?

ஜெனீவாவில் பிறந்தது

சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகரத்தின் அருகே "செர்ன்" என்ற அணு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், 1989-ம் ஆண்டில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். உலகமெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களில் இருக்கும் தாள்களை ஒன்றோடு ஒன்று பின்னி வைக்கும் திட்டம் அது. நாம் இன்று பார்க்கும் "வெப்" அதில் இருந்து வளர்ந்ததுதான்.

பெரிய ஆபீஸ்களில் ஒரு சிக்கல் இருந்தது. திருடர்கள் நுழையாமல் இருக்க, கம்ப்யூட்டர்களைச் சுற்றி ஒரு பாதுகாப்பு மதில் கட்டியிருந்தார்கள். கல்லால் ஆன மதில் அல்ல. யந்திரத்தால் ஆன மதில். வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே இருப்பவரும் வெளியே உள்ள பக்கங்களைப் பார்க்க முடியவில்லை!

வாசலில் ஒரு பதிலாளை நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர்கள் அவரிடம் சொல்வார்கள். அவர் மட்டும் வெளியே போய் வருவார்.

1994-ம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் முதலாவது உலக வெப் மாநாடு நடந்தது. அரி லுவோட்டோனன், கெவின் ஆல்டிஸ் என்ற இரண்டு நிபுணர்கள் இந்தப் பதிலாளைப் பற்றி அங்கே கட்டுரை கொடுத்தார்கள். பதிலாள் நகல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம், கம்பியில் நெரிசலும் குறையும் என்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

குறுகலான குழாய்

அந்த நாட்களில் நேரத்தை மிச்சப்படுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

வீடுகளில் இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாக வந்தது. "மோடம்" என்ற சிறு பெட்டி கீச் கீச் என்று கத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். 1990-களின் நடுவில் பலரிடம் இருந்த மோடத்தின் வேகம், வினாடிக்கு 28,800 "பிட்." 8 பிட் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து. ஆக, வினாடிக்கு 3,600 எழுத்து.

36 ஆயிரம் எழுத்து அளவுள்ள ஒரு சின்னப் படம் வந்து சேர 10 வினாடி. பக்கத்தில் 10 படம் இருந்தால் 100 வினாடி! இன்று 100 மெகாபிட் என்று விற்கப்படும் கம்பி, இதைப்போல் சுமார் 3,500 மடங்கு வேகமானது.

கடல் கடந்து போகும் கம்பியின் கதை இன்னும் மோசம். அந்த நாட்களில் இன்டர்நெட் கம்பெனிகள் வாடகைக்கு எடுத்த ஒரு வகைக் கம்பியின் வேகம், வினாடிக்கு 15 லட்சத்து 44 ஆயிரம் பிட். அதற்கு வாடகை ஏராளம். ஆனால், 28,800 வேக மோடம் வைத்திருக்கும் 53 பேர் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால், அந்தக் கம்பி நிரம்பிவிடும்!

கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். ஒரே பக்கத்தை 53 பேர் கேட்டால், 53 முறை கடல் தாண்டுவானேன்? பதிலாளை நிறுத்தினால் ஒரு முறை போதுமே!

கணவாய் மீன்

1996-ம் ஆண்டில், அமெரிக்காவில் டுவேன் வெசல்ஸ் என்ற நிபுணரின் முயற்சியால் ஒரு பதிலாள் புரோகிராம் வெளிவந்தது. அதற்கு "ஸ்குவிட்" என்று பெயர் வைத்தார்கள். ஸ்குவிட் என்றால் நம் கடற்கரையில் விற்கும் கணவாய் மீன்!

கணவாய் மீனுக்கு விலை உண்டு. இந்தக் கணவாய் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். பல நாடுகளில் இன்டர்நெட் கம்பெனிகளும், கல்லூரிகளும், ஆபீஸ்களும் இதை நிறுவிக்கொண்டன. விலை கொடுத்து வாங்கும் பதிலாள் யந்திரங்களும் சந்தைக்கு வந்தன.

பிறகுதான் தொல்லை தொடங்கியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கு

தெருமுனைக் கடைக்கே திரும்புவோம்.

கிராமம் பெரிதாகிவிட்டது. கடை மட்டும் பெரிதாகவில்லை. வாசலில் 500 பேர் நிற்கிறார்கள். டவுனுக்குப் போகும் சாலை காலியாகக் கிடக்கிறது. ஆனால், கடை வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம்! 10 மைல் நடந்திருந்தால்கூடச் சீக்கிரம் வந்திருக்கலாம்.

பதிலாள் யந்திரத்திலும் இதுதான் நடந்தது. கம்பெனியில் சேர்ந்தவர்கள் பெருகினார்கள். யந்திரத்தின் நினைவும் தட்டும் அதே அளவில் நின்றன. ஒவ்வொருவர் கேள்வியும் வரிசையில் காத்திருந்தது. கம்பி சும்மா இருந்தது, பக்கம் ஊர்ந்தது.

இரண்டாவது தொல்லை, பழைய சரக்கு. கடைக்காரர் நேற்று வாங்கிய கீரையை இன்றும் விற்பதுபோல, பதிலாள் நேற்று எடுத்த நகலை இன்றும் நீட்டும். செய்திப் பக்கத்தில் காலையில் பார்த்த தலைப்பே மாலையிலும் இருக்கும்.

மூன்றாவது, கடை அடைப்பு. பதிலாள் பழுதாகி நின்றால், உலகமே நின்றுபோனதுபோல் தோன்றும். தூரத்தில் உள்ள பக்கங்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டும் ஒன்றும் வராது.

நான்காவது, சுற்று வழி. பக்கத்து ஊரில் உள்ள பக்கத்தைப் பார்க்க, தூர தேசத்தில் உள்ள பதிலாளிடம் போய்த் திரும்ப வேண்டியிருந்தால் நேரம் வீணாகாதா? கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 14 ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஏறத்தாழ 7-ல் 1 பங்கு வினாடி. "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். ஒரு பக்கத்தைத் திறக்க எத்தனையோ முறை கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்தத் தாமதம் சேரும்.

வேகத்துக்காகப் பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது!

சிங்கப்பூர் கதை

1996-ம் ஆண்டு. தமிழும் ஓர் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் அப்போது இன்டர்நெட் கொடுத்து வந்தவை 3 கம்பெனிகள்: சிங்நெட், பசிபிக் இன்டர்நெட், சைபர்வே.

அந்த ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையம் இன்டர்நெட்டுக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஆபாசப் படங்கள் முதலியவை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நோக்கம். சுமார் 100 இடங்களைத் தடுக்கத் தீர்மானித்தார்கள். எப்படித் தடுப்பது? எல்லோரையும் பதிலாள் வழியாகப் போகச் செய்தால், தடுத்த பக்கத்தைக் கேட்பவருக்கு "இல்லை" என்று சொல்லிவிடலாம் அல்லவா?

செப்டம்பர் மாதத்தின் நடுவில் இந்த ஏற்பாடு வந்தது. சாதாரணச் சந்தாதாரர்கள் தங்கள் பிரவுசரில் பதிலாளின் விலாசத்தை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரவுசர் என்பது பக்கங்களைத் திறந்து காட்டும் புரோகிராம்.

"நகல் கையில் இருப்பதால் வேகம் கூடும்" என்று சொன்னவர்கள் உண்டு. "வேகம் குறைந்துவிட்டது" என்று முறையிட்டவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்க முடியும். எல்லோரும் கேட்கும் பக்கம் நகல் பெட்டியில் தயாராக இருக்கும். யாரும் கேட்காத பக்கத்தைக் கேட்பவருக்கு, பதிலாள் ஒரு வீண் நிறுத்தம்தான்.

சிங்கப்பூர் மக்களுக்கு ஒன்றாவது தெரிந்திருந்தது. நடுவில் பதிலாள் இருக்கிறார் என்பது! அடுத்து வந்தவர் சொல்லாமலே வந்து நின்றார்.

சொல்லாமல் நின்றவர்

பிரவுசரில் விலாசம் எழுதச் சொன்னால், சிலர் எழுதுவார்கள். சிலர் எழுதமாட்டார்கள். கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எண் போட்ட வாசல்கள் உண்டு. சாதாரண வெப் பக்கங்கள் 80-ம் எண் வாசல் வழியாக வரும். "80-ம் வாசலுக்குப் போகும் கேள்விகளை எல்லாம் பிடித்துப் பதிலாளிடம் திருப்பிவிடு" என்று கம்பெனிக்காரர் தம் யந்திரத்துக்குக் கட்டளை இட்டார். சந்தாதாரருக்கு ஒன்றும் தெரியாது. தூரத்தில் உள்ள பக்கத்துடன் நேராகப் பேசுவதாகவே நினைத்துக்கொள்வார்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கம் பழையதாக இருந்தால் என்ன செய்வோம்? "மறுபடி கொண்டு வா" என்ற பொத்தானை அமுக்குவோம். பதிலாள் இருப்பது பிரவுசருக்குத் தெரிந்தால், "நகல் வேண்டாம், புதிதாக வாங்கி வா" என்று சேர்த்துச் சொல்லும். தெரியாவிட்டால் சொல்லாது. பதிலாள் மறுபடியும் பழைய நகலையே நீட்டும்!

இன்டர்நெட் என்ஜினீயர்கள் 2001-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஏடு வெளியிட்டார்கள். அதன் எண் 3143. பதிலாள்களாலும் நகல் பெட்டிகளாலும் வரும் கோளாறுகளின் பட்டியல் அது. இந்தத் தொல்லையும் அதில் இருக்கிறது.

ஆள் இல்லாத வீட்டுக் கதவு

ஒளிந்து நிற்கும் பதிலாளைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். நிபுணர்கள் செய்த தந்திரத்தைக் கேளுங்கள்.

ஊரில் ஒரு வீடு காலி. யாரும் இல்லை என்று நன்றாகத் தெரியும். போய்க் கதவைத் தட்டுகிறோம். "யார் அது?" என்று உள்ளே இருந்து குரல் வந்தால்?

யாரோ ஒளிந்திருக்கிறார் என்று அர்த்தம்!

இன்டர்நெட்டில் யாருக்கும் கொடுக்கப்படாத விலாச எண்கள் உண்டு. அப்படி ஓர் எண்ணின் 80-ம் வாசலைத் தட்டுவார்கள். பதில் வரக்கூடாது. தொடர்பு கிடைத்துவிட்டால், நடுவில் நிற்பவர் அகப்பட்டுக்கொண்டார்.

இன்னொரு தந்திரம், அந்த நாட்களில் சாதாரண மக்களும் செய்யக்கூடியதாக இருந்தது. பூட்டுப் போட்ட பக்கங்கள் 443-ம் வாசல் வழியாக வரும். பாங்குப் பக்கங்கள் அப்படி வந்தன. பாங்குப் பக்கம் சட்டென்று திறந்து, செய்திப் பக்கம் ஊர்ந்தால், 80-ம் வாசலில் யாரோ நிற்கிறார் என்று அப்போது சந்தேகப்பட முடிந்தது.

நேர்மையான பதிலாளைக் கண்டுபிடிக்கத் தந்திரமே தேவை இல்லை. 1999-ம் ஆண்டு விதிப் புத்தகத்தின்படி, தன் கை வழியாகப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் "இவர் வழியாக" என்று பதிலாள் குறிப்பு எழுத வேண்டும். நிபுணர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைக்காரரின் நோட்டு

வேகத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் இதில் உண்டு. தெருமுனைக் கடைக்காரருக்கு, யார் என்ன வாங்கினார் என்பது தெரியும். நினைத்தால் நோட்டுப் போட்டு எழுதி வைக்கலாம்.

2002-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் ஒரு செய்தி வெளியாயிற்று. "காம்காஸ்ட்" என்ற பெரிய கம்பெனிக்கு அப்போது ஏறத்தாழ 10 லட்சம் அதிவேக இன்டர்நெட் சந்தாதாரர்கள். அவர்கள் எந்தப் பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்பது, அவர்களுக்குச் சொல்லாமலே பதிவாகி வந்தது. பதிவு செய்தது, வேகத்துக்காக வைத்த பதிலாள் யந்திரம்!

"வேகத்தைக் கூட்டத்தான் செய்தோம், தனி மனிதர்களைக் கவனிக்கவில்லை" என்ற கருத்தில் கம்பெனி விளக்கம் கொடுத்தது. ஆனாலும் எதிர்ப்புக் கிளம்பியது. ஓரிரு நாட்களிலேயே, "இனிமேல் பதிவு செய்யமாட்டோம்" என்று கம்பெனி அறிவித்தது.

வீட்டுக்காரர் என்ன பார்க்கிறார் என்பது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதும். நடுவில் நிற்பவருக்கு எதற்கு?

ஒட்டிய கவர்

இந்தக் கேள்வி வலுத்தது. பூட்டுப் போட்ட பக்கங்கள் பெருகின. முன்பெல்லாம் வெப் பக்கம் அஞ்சல் அட்டை மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பூட்டுப் போட்டால், அது ஒட்டிய கவர். விலாசம் தெரியும், உள்ளே உள்ள சங்கதி தெரியாது.

2015-ம் ஆண்டு முடிவில் "லெட்ஸ் என்கிரிப்ட்" என்ற நிறுவனம் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகப் பொதுமக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2018-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல், பூட்டு இல்லாத பக்கங்களைக் "பாதுகாப்பானது அல்ல" என்று கூகிள் குரோம் பிரவுசர் காட்ட ஆரம்பித்தது. இன்று பெரும்பாலான பக்கங்கள் பூட்டுடன்தான் வருகின்றன.

கவரைத் திறக்க முடியாத பதிலாள் நகல் எடுப்பது எப்படி? கம்பெனிகள் வைத்திருந்த பழைய பதிலாளின் வேலை பெரும்பாலும் போயிற்று.

கடை மட்டும் ஒழிந்துவிடவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரரே கிளைக் கடை திறந்துவிட்டார்! உதாரணமாக, நெட்பிளிக்ஸ் கம்பெனி தன் படங்களின் நகல் அடங்கிய பெட்டிகளை இன்டர்நெட் கம்பெனிகளின் கட்டிடங்களிலேயே வைக்கிறது. 2012-ம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. எது புதியது, எது பழையது என்பது சொந்தக்காரருக்குத் தெரியும் அல்லவா? பழைய கீரை விற்கும் தொல்லை குறைந்தது.

பதிலாள் எல்லோரும் கெட்டவர் என்றும் சொல்லக்கூடாது. 2006-ம் ஆண்டு உலகமெங்கும் வெளியான "ஓபரா மினி" என்ற பிரவுசர், பெரிய பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கிச் சின்ன செல்போனுக்கு அனுப்பியது. மெதுவான கம்பி உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். தெரிந்து வைத்துக்கொள்ளும் பதிலாள் நண்பர். தெரியாமல் நிற்பவர்தான் தொல்லை.

இன்று எங்கே நிற்கிறார்?

"அப்படியானால் இன்று கவலை இல்லையே?" என்று கேட்பீர்கள். பதிலாள் இடம் மாறியிருக்கிறார். அவ்வளவுதான். இன்று அவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கலாம்!

ஆபீசிலோ கல்லூரியிலோ கம்ப்யூட்டரில் பதிலாளின் விலாசம் எழுதியிருப்பார்கள். அதே கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டு வந்தால், இல்லாத பதிலாளை அது தேடிக்கொண்டே இருக்கும். பக்கம் திறக்காது. திறந்தாலும் தாமதம்.

சில கம்ப்யூட்டர்களில் "பதிலாள் இருக்கிறாரா என்று தானே தேடு" என்ற ஏற்பாடு இருக்கும். வீட்டில் பதிலாள் ஏது? தேடித் தேடி ஏமாந்த பிறகே பக்கம் வரும் நிலை சில சமயம் ஏற்படுவது உண்டு.

வி.பி.என். என்ற புரோகிராமும் ஒரு பதிலாள் மாதிரிதான். அதில் தூர தேசத்தைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்துத் தெருப் பக்கமும் அந்தத் தேசம் போய்த்தான் வரும்.

இன்னொரு அபாயமும் உண்டு. திருட்டுப் புரோகிராம்கள் உங்களுக்குத் தெரியாமல் தங்கள் பதிலாளின் விலாசத்தை எழுதிவிடும். நீங்கள் பார்ப்பதெல்லாம் திருடன் கை வழியாகப் போகும்!

வீட்டில் செய்யும் சோதனை

புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகுமுன், கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள். காசு செலவு இல்லை.

1. ஒரே பக்கம் மட்டும் மெதுவா, எல்லாப் பக்கமும் மெதுவா என்று பாருங்கள். ஒரே பக்கம் என்றால், கோளாறு அந்தப் பக்கத்துக்காரரிடம். காத்திருங்கள்.

2. வீட்டில் உள்ள வேறு செல்போனில் அதே பக்கத்தை, அதே வை-பையில் திறந்து பாருங்கள். அதில் வேகமாக வந்தால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். அதிலும் மெதுவென்றால், வீட்டுக்கு வெளியிலோ, வை-பை பெட்டியிலோ.

3. வை-பை பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே வேகம் கூடினால், குற்றவாளி சுவர்தான்!

4. வேகத்தை அளக்கும் பக்கத்தைத் திறந்து அளவு எடுங்கள். அளவு நன்றாக இருந்தும் பக்கங்கள் ஊர்ந்தால், சாலை அகலமாக இருக்கிறது, நடுவில் ஏதோ நிறுத்தம் இருக்கிறது என்று பொருள். இங்கேதான் பதிலாளைத் தேடவேண்டும்.

5. விண்டோஸ் கம்ப்யூட்டரில் "செட்டிங்ஸ்" திறந்து, "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" என்ற இடத்தில் "பிராக்சி" என்பதைப் பாருங்கள். கையால் எழுதிய விலாசம் இருந்தால், அது யார் எழுதியது என்று கேளுங்கள். வீட்டில் யாரும் எழுதவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் திருட்டுப் புரோகிராம் இருக்கிறதா என்று சோதியுங்கள். அதுவரை பாங்குக் கணக்கைத் திறக்க வேண்டாம். "தானே தேடு" என்ற ஏற்பாட்டையும் நிறுத்தி, வேகம் கூடுகிறதா என்று பார்க்கலாம்.

6. செல்போனிலும் வை-பை பெயரைத் தொட்டு உள்ளே போனால் "பிராக்சி" என்ற வரி இருக்கும். வீட்டு வை-பைக்கு அங்கே விலாசம் எதுவும் தேவை இல்லை.

7. வி.பி.என். ஓடினால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

8. இன்டர்நெட்டில் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் விலாசப் புத்தகம் ஒன்று உண்டு. அதற்கு டி.என்.எஸ். என்று பெயர். அந்தப் புத்தகத்தைப் புரட்டுபவர் மெதுவாக இருந்தாலும் பக்கம் தாமதமாகும். கூகிள் நடத்தும் 8.8.8.8, கிளவுட்பிளேர் நடத்தும் 1.1.1.1 ஆகியவை பொது விலாசப் புத்தகங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு மாற்றிப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: ஆபீஸ் கம்ப்யூட்டரில் இவற்றைத் தொடாதீர்கள். அங்கே பதிலாள் காரணத்தோடு வைக்கப்பட்டிருப்பார். அதற்குரிய அதிகாரியைக் கேளுங்கள்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு வேகத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. பழைய விலாசத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றினால், வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கம்பெனிக்கு எழுதும்போது

இவ்வளவும் செய்த பிறகும் பக்கம் ஊர்ந்தால், கோளாறு கம்பெனியிடம் என்று நினைக்க இடம் உண்டு.

"மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பயன் இல்லை. "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள். விவரம் எழுதுங்கள். மூன்று நாள், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பக்கம், எத்தனை வினாடி என்று எழுதுங்கள். செல்போன் கம்பெனியின் இன்டர்நெட்டில் அதே பக்கம் எத்தனை வினாடியில் வந்தது என்பதையும் எழுதுங்கள். "நடுவில் பதிலாள் யந்திரம் வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

நம் நாட்டில் 2012-ம் ஆண்டு விதிகளின்படி, கம்பெனிகளில் புகார் மையம் இருக்க வேண்டும். புகார் கொடுத்ததும் அதற்குரிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தீராவிட்டால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். புகார் எண்ணும், கையில் எழுதிய கணக்கும் இருந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டாகும்.

கம்ப்யூட்டர் மெதுவானால் "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தெரியாதவரிடம்தான் புதுப் பெட்டியும், பெரிய திட்டமும் சுலபமாக விற்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிறகும், நடுவில் நின்றவர் அங்கேயே நிற்பார்!

வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறோம்? முதலில் குழாயைத் திறந்து பார்க்கிறோம். பிறகு தொட்டியைப் பார்க்கிறோம். பிறகு தெருவில் விசாரிக்கிறோம். உடனே வீட்டை இடித்துக் கட்டுவது இல்லை. இன்டர்நெட்டுக்கும் இதே வழிதான்.